ஆராய்ச்சிக்கு மட்டும்

குளிரறையில் கண்ணாடிக் குழாயின் அடியிலிருந்து புரதம் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எடுக்கக் கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தில் எழுதாத சட்டம். கூப்பிட்டது தம்பி என்பதால் கையுறையைக் கழற்றி எடுத்தேன்.

"அக்கா, ஆபரேஷன் தேதி வேண்டாம்னு சொல்லிட்டேன். உன் மருந்துதான் ரெடியாகுதே, அப்புறம் எதுக்கு நெஞ்சைக் கிழிச்சுக்கணும்?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நாங்கள் செய்வது மருந்தே இல்லை. இதயத் தசையின் மேல் உட்கார்ந்து ரத்தத்தில் வரும் சேதிகளைப் பிடிக்கிற புரதம் ஒன்று உண்டு, ஏற்பி என்பார்கள். அதற்கான மனித மரபணுவை வளர்ப்புச் செல்களுக்குள் புகுத்தி, அவற்றையே அந்த ஏற்பியைச் செய்யவைத்து, பிரித்துச் சுத்தம் செய்து, குப்பியில் அடைத்து மற்ற ஆய்வகங்களுக்கு அனுப்புகிறோம். எந்த வேதிப்பொருள் அதில் போய் ஒட்டுகிறது என்று அவர்கள் தேடுவார்கள். அப்படி ஒன்று கிடைத்து மாத்திரையாகக் கடைக்கு வருவதற்குள் என் தலை நரைத்துவிடும். தம்பிக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. வால்வு ஒழுகுகிறது, தள்ளிப்போட்டால் தசையும் கைவிட்டுவிடும் என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் லேபிள் ஒட்டித் தயாராக வைத்திருந்த குப்பியைப் படம் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டு, 'நாங்க வேலை செய்யறதே இதயத்துக்குத்தான்' என்று எழுதினேன். லேபிளில் 'மனித ஏற்பி' என்று பெரிதாக இருந்தது. அவன் அதை மனிதனுக்கான மருந்து என்று படித்துக்கொண்டான். அம்மா ஒரு கும்பிடு படம் போட்டாள். இரண்டு பேருடைய சந்தோஷத்தையும் கெடுப்பானேன் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பாருங்கள், வேண்டாத நாளாகப் பார்த்துத்தான் எல்லாம் சரியாக வரும். மாதக்கணக்கில் திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாகிக் கழுத்தறுத்த புரதம், அன்று மதியம் சோதனையில் சுத்தமான ஒற்றைக் கோடாக வந்து நின்றது. எங்கள் தலைவியான மேடம் எல்லோருக்கும் டீ வரவழைத்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தேன், துடைத்த மேசையையே திரும்பத் துடைத்தேன்.

"என்னம்மா, ஜெயிச்ச நாள்ல போய் உம்முன்னு இருக்கே?" என்றார் மேடம்.

"தலைவலி மேடம்" என்றேன்.

போனில் சொல்கிற விஷயம் இல்லை என்பதால் வேலை முடிந்ததும் தம்பியை ஆய்வகத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். அவன் லிப்ட் மெக்கானிக். லிப்டில்தான் வந்தான், அப்படியும் மூச்சு வாங்கியது. குப்பியை அவன் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"தண்ணி மாதிரி இருக்கு. எப்ப ஊசி போடலாம்?"

லேபிளின் அடியில் பொடியாக இருந்த வரியைக் காட்டினேன். ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்குச் செலுத்தக் கூடாது.

"மேல மனிதன்னு போட்டிருக்கு, கீழ மனிதனுக்குக் கூடாதுன்னு போட்டிருக்கு. எந்தப் புண்ணியவான் எழுதினது?"

"நான்தான்டா" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான்.

"புது லிப்ட் மாட்டினா உடனே ஆளை ஏத்த மாட்டோம்" என்றான் கடைசியில். "இரும்புக் கட்டிய அடுக்கி ஓட்டிப் பார்ப்போம். அந்தக் கட்டிதானா இது?"

"ஆமாடா."

"நான் லிப்டுன்னுல்ல நெனச்சேன்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. குப்பியைப் பத்திரமாக மேசையில் வைத்துவிட்டு, "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல அக்கா" என்று மட்டும் சொன்னான். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தேதி போய்விட்டால்? அடுத்தது எப்போது கிடைக்கும்? அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போனைக் காதில் வைத்தபடியே அவனோடு நடந்து லிப்டுக்குள் ஏறிய பிறகுதான் ஒரு பெண் குரல் வந்தது. தம்பி வேண்டாம் என்று சொன்ன ஆபரேஷன் தேதி திரும்ப வேண்டும் என்றேன்.

"அந்தத் தேதியை வேற பேஷண்ட்டுக்குக் குடுத்துட்டாங்களான்னு பார்க்கணும் மேடம். லைன்லயே இருங்க."

கதவு மூடத் தொடங்கியது. மூடினால் சிக்னல் போய்விடும் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் தம்பி காலை நீட்டிக் குறுக்கே வைத்தான். கதவைக் காலால் தடுப்பவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது, எத்தனையோ பேரிடம் சண்டைக்குப் போயிருக்கிறான். கதவு அவன் ஷூவில் முட்டித் திரும்பிப் போனது, மறுபடி வந்தது. லிப்ட் கீகீயென்று கத்தத் தொடங்கியது. கீழ்த்தளத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"தட்டட்டும். நீ கேளு" என்றான். ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தான், காலை எடுக்கவில்லை. காதில் காகிதம் புரள்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.