பம்பளிமாஸ்காரரின் தோப்புக்கரணம்

தம்புன் ஊரின் சாலையோரம் முப்பது பம்பளிமாஸ் கடைகளாவது இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே பழம், ஒரே சிவப்பு வலைப்பை. அறுபத்துமூன்று வயது சோங் கம் வா மட்டும் பழங்களோடு தன் கால்களையும் காட்சிக்கு வைத்திருந்தார். வெளியூர்க் கார் வந்து நின்றால் போதும், கைகளை முன்னே நீட்டிப் பத்து முறை உட்கார்ந்து எழுவார்.

"கொழுப்பு எகிறிக் கெடந்த ஆளு நான். ஒரு மாத்திரை தொட்டதில்ல. தினம் ஒரு பழம், அவ்வளவுதான்!"

தினம் ஒரு பழம் என்பது உண்மை. மாத்திரை தொட்டதில்லை என்பது வியாபாரம். அரசு கிளினிக்கில் கொடுத்த கொழுப்பு மாத்திரையை இருமல் மிட்டாய் டப்பாவில் ஒளித்து வைத்து மூன்று மாதமாக விழுங்கிவந்தார். இரத்தத்தில் கொழுப்பு இறங்கியபோது பெருமை முழுவதையும் பழத்துக்கே கொடுத்துவிட்டார்.

"மாத்திரைக்கு வாய் இருந்தா உங்கமேல கேஸ் போடும்" என்பாள் மனைவி லாய் பெங்.

இரண்டு வாரமாகத் தொடை இரண்டும் அடித்துப் போட்டதுபோல் வலித்தது. பத்து முறை எழுவதை ஆறு முறையாகக் குறைத்தார். புதன்கிழமை ஒரு வேன் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, நாலாவது முறை உட்கார்ந்தவர் எழவில்லை. முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"அங்கிள், இதுவும் பயிற்சியா?" என்று போனைப் பிடித்தபடி ஒரு பெண் கேட்டாள்.

"ஆமாம்மா. இது... மூச்சுக்கு."

கடைசியில் இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். தூக்கியவர்கள் பழம் வாங்கியது பக்கத்துக் கடையில்.

மறுநாள் காலை கிளினிக்கில் டாக்டர் கேட்டார், "மாத்திரையோட வேற என்ன சாப்பிடறீங்க? நாட்டு மருந்து, கஷாயம், ஏதாவது?"

"சும்மா... கொஞ்சம் பம்பளிமாஸ்."

"தினம் முழுசா ஒண்ணு. அது பத்தாம சாறு வேற" என்றாள் லாய் பெங்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இந்த மாத்திரைக்கும் அந்தப் பழத்துக்கும் ஆகாது. பழம் மருந்த உடம்புலயே தேங்க வச்சிடும். ஒண்ணு முழுங்கினா நாலஞ்சு முழுங்கின மாதிரி. அதான் தசை அடிவாங்குது. விட்டிருந்தா கிட்னி வரைக்கும் போயிருக்கும். இந்த மாத்திரைய நிறுத்துங்க. கால் தேறினதும் வேற மாத்திரை தரேன்."

வீடு திரும்பும் வழியெல்லாம் லாய் பெங் சிரித்தாள். "பம்பளிமாஸ்காரருக்குப் பம்பளிமாஸ் ஆகாதாம்!" சோங்கும் சேர்ந்துதான் சிரித்தார். பாதி வழியில் அவருக்குச் சிரிப்பு நின்றுபோனது. சலேஹா டீச்சரின் ஞாபகம் வந்துவிட்டது.

ஓய்வு பெற்ற ஆசிரியை. வியாழன்தோறும் இரண்டு பழம் வாங்குவார். கொழுப்பு மாத்திரை சாப்பிடுவதை மறைக்காமல் சொல்வார். போன வாரம் மேசையைப் பிடித்துக்கொண்டு, "தொடை வலி, சோங். வயசாயிடுச்சு" என்றார். அதற்கு இந்த மேதாவி சொன்ன வைத்தியம்: "ரெண்டு பத்தாது டீச்சர், மூணா எடுத்துக்குங்க." அந்த அம்மாள் நம்பி மூன்று எடுத்துப் போனார். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது சோங்குக்கு.

அன்றும் வியாழன்தான். இருவரும் நேராகக் கடைக்கு வந்தபோது டீச்சர் அங்கே நின்று பழத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடவே இன்னும் நாலைந்து பேர். தனியாக அழைத்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். அதற்குள் டீச்சர் மூன்றாவது பழத்தை எடுத்துவிட்டார்.

சோங் அதைப் பிடுங்கினார். "வேணாம் டீச்சர். நான் சொன்னதெல்லாம் பொய். நானும் மாத்திரைதான் சாப்பிடறேன்." எல்லார் முன்னாலும் மிட்டாய் டப்பாவைத் திறந்து நீட்டினார். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டு மாத்திரை அட்டையைப் படித்தார். "என்னோடதும் இதே."

"இப்பவே கிளினிக் போங்க. லாய் பெங் கூட்டிட்டுப் போவா."

டீச்சர் காரில் ஏறப் போனவர் நின்று திரும்பினார். முப்பது வருடம் வகுப்பறையை அடக்கிய பார்வை அது.

"பொய் சொல்ற பிள்ளைங்களுக்கு நான் என்ன தண்டனை குடுப்பேன், தெரியுமா?"

"காதப் பிடிச்சு தோப்புக்கரணம்." சோங் தலையைக் குனிந்தார். "இப்ப உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியாது டீச்சர்."

"கால் தேறட்டும். இங்கயே, இதே ஜனங்க முன்னால அம்பது" என்றார் டீச்சர், தன் தொடையைத் தடவியபடி. "எண்ணறதுக்கு நான் வருவேன். அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு வேண்டிக்கோ."