நாற்பது பேருக்குக் கேக்

மூன்றாவது பிடி மண்ணைப் போட்டுவிட்டு நிமிர்ந்த ரோஸ்விதா, தூறலில் கண்ணை இடுக்கிக்கொண்டு வந்திருந்தவர்களை இன்னொரு தடவை எண்ணினாள். தன்னையும் சேர்த்து ஏழு பேர். அதில் ஒருவர் பாதிரியம்மாள். இன்னொருவர் அஸ்திக் கலசத்தைச் சுமந்து வந்த கல்லறைத் தோட்டத்து ஆள். இருவருக்கும் மூன்று மணிக்கு வேறொரு அடக்கம் இருந்தது. ஆக, காப்பிக்கு வரக்கூடியவர்கள் ஐந்து பேர். விடுதியில் நாற்பது பேருக்குச் சொல்லியிருந்தாள்.

"ஆண்டவர் அவருக்கு நல்ல இடமாக் குடுப்பார்" என்று பாதிரியம்மாள் அவள் கையைப் பிடித்துச் சொன்னாள்.

"குடுத்தா, அங்க ஜன்னல் சரியில்லன்னு சொல்லாம இருக்கணும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் முணுமுணுத்தது. மருந்துக்கடை லோதர். சொன்ன பிறகு தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

இறந்தவர் அவளுடைய அண்ணன் எகார்ட். எழுபத்தொன்பது வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன் சாய்வு நாற்காலியில் ரேடியோ கேட்டபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். வேலை பார்த்த காலம் முழுக்க நகராட்சியில், பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் பிரிவில் இருந்தவர். சந்தைச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள மரச்சட்ட வீடுகளில் எந்த ஜன்னல் எந்த மரத்தில் இருக்க வேண்டும், கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம், கூரைமேல் டிவி டிஷ் வைக்கலாமா என்றெல்லாம் சொல்கிற அதிகாரி. பெரும்பாலும் 'கூடாது' என்று சொல்கிற அதிகாரி.

ரோஸ்விதா கல்யாணமாகி வடக்கே ரோஸ்டாக்கில் போய் அமர்ந்து ஐம்பது வருடம் ஆகிறது. ஞாயிறு தவறாமல் அண்ணன் போன் செய்வார். "இந்த ஊர்ல என்னைத் தெரியாத ஆளே கிடையாது, ரோஸி" என்பார். அதை அப்படியே நம்பித்தான், பத்திரிகை அறிவிப்பின் கடைசி வரியில், 'அவரை அறிந்த அனைவரையும் அடக்கத்துக்குப் பின் கருங்கரடி விடுதியில் காப்பிக்கு அழைக்கிறோம்' என்று போட்டிருந்தாள். எல்லோரும் அறிந்திருந்தார்கள். அதுதான் சங்கடம் என்று இந்த இரண்டு நாளில்தான் அவளுக்குத் தெரிந்தது. ரொட்டிக் கடையில், முடி வெட்டும் கடையில், எங்கே அண்ணன் பெயரைச் சொன்னாலும், "ஓ, எகார்ட்டா" என்று சொல்லிவிட்டு அவரவர் ஜன்னலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணன் வீட்டில் தங்க வழியில்லை. யாரோ இடித்துப்போட்ட வீடுகளின் கதவுகளைக் கொண்டுவந்து அறை முழுக்கச் சாய்த்து வைத்திருந்தார். கட்டிலுக்குப் போவதற்கே உடம்பை ஒருக்களித்துப் போக வேண்டும். அதனால்தான் கருங்கரடி. பன்னிரண்டு அறை கொண்ட சின்ன விடுதி. அவளுக்குக் கிடைத்தது மூன்றாவது மாடியில், ஐம்பத்திரண்டு படிகளுக்கு மேலே.

முதல் நாள் பெட்டியோடு ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு, "லிஃப்ட் வைக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

விடுதிக்காரி மார்லீஸ் சாவியை நீட்டினாள். "மூணு தடவை மனு போட்டோம். பழைய படிக்கட்டு கெட்டுப்போகும்னு உங்க அண்ணன் மூணு தடவையும் திருப்பி அனுப்பிச்சார்."

"ஜன்னல்ல காத்து வருதே."

"ஒத்தைக் கண்ணாடி. அதுவும் அவர் சொன்னதுதான். புகார் இருந்தா அவர்கிட்டயே..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ரோஸ்விதா அறைக்குத் திரும்பியபோது, போர்வைக்குள் ஒரு ரப்பர் வெந்நீர்ப்பை வைக்கப்பட்டிருந்தது.

இப்போது கல்லறைத் தோட்டத்திலிருந்து இறங்கும் கல்பாவிய தெருவில் அதே மார்லீஸ் அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தாள். லோதரும், அண்ணனோடு ஒரே அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்ற இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள்.

"பன்னெண்டு பேருக்குச் சொல்லுங்கன்னு அன்னிக்கே சொன்னேன்" என்றாள் மார்லீஸ்.

"எங்க அப்பா போனப்ப நாப்பத்திரண்டு பேர் வந்தாங்க."

"உங்க அப்பா ரொட்டி சுட்டவர். உங்க அண்ணன் ஜன்னல் பார்த்தவர். ரெண்டும் ஒண்ணாங்க?"

ரோஸ்விதா நாற்பது நாற்காலிகளை நினைத்துக்கொண்டிருந்தாள். காலையில் அவளேதான் ஒவ்வொரு மேசையிலும் அண்ணனின் சின்னப் படத்தைக் கறுப்பு நாடா கட்டி வைத்துவிட்டு வந்தாள். எட்டு மேசை, எட்டுப் படம். வெறும் கோப்பைகளுக்கு நடுவே அந்த மனிதர் எட்டு தடவை தனியாக உட்கார்ந்திருப்பதை ஐந்து பேர் ஒரு மூலையில் இருந்து பார்க்க வேண்டியிருக்கும். அடக்கத்துக்கு யாரும் வராததைக்கூட மழை என்று சொல்லிவிடலாம். காப்பிக்கும் கேக்குக்கும் வராமல் போனால் அதற்கு என்ன சொல்வது?

விடுதி வாசலை நெருங்கும்போதே உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. கரண்டிச் சத்தம், பேச்சு, யாரோ தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. வாசல் நடையில் கோட்டு மாட்டும் கொக்கிகள் அத்தனையும் நிறைந்து, மிச்சக் கோட்டுகள் படிக்கட்டுக் கைப்பிடியில் தொங்கின.

மார்லீஸின் புருஷன் ஊவே ஏப்ரனோடு ஓடிவந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"வந்துட்டாங்க மார்லீஸ். முப்பத்திநாலு பேர். நீ பன்னெண்டுன்னே. ரெண்டாவது கேக் தட்டையும் எடுத்து வெச்சுட்டேன்."

"யார் வந்துட்டாங்க?"

"யாரா? துக்கத்துக்கு வந்தவங்க. பாவம், உள்ள வரும்போது ஒருத்தர் வாயத் திறக்கலை. அவ்வளவு சோகம். இப்பத்தான் காப்பி குடிச்சுக் கொஞ்சம் தேறியிருக்காங்க."

ரோஸ்விதா வாசலிலேயே நின்றாள். கைக்குட்டையை எடுத்தவள், கல்லறையில் வராத கண்ணீர் இப்போது வருவதை மூக்குச் சிந்துவதுபோல மறைத்துக்கொண்டாள். "மழைக்காகத்தான் மேல கல்லறைக்கு வரலை போலிருக்கு" என்றாள் மார்லீஸிடம். மார்லீஸ் கூடத்தை எட்டிப் பார்த்தாள். ஊரில் எல்லோரையும் அவளுக்குத் தெரியும். அவள் புருவம் ஏறியதை ரோஸ்விதா கவனிக்கவில்லை. அதற்குள் கூடத்துக்குள் போய்விட்டாள்.

முறைப்படி ஒவ்வொரு மேசையாகப் போய்க் கை கொடுத்தாள்.

"வந்ததுக்கு ரொம்ப நன்றி."

"நாங்கதாங்க நன்றி சொல்லணும்" என்றார் முதல் மேசைக் கிழவர், வாய் நிறையக் கேக்கோடு. "மேல மொறுமொறுன்னு தூவியிருக்கிற வெண்ணெய்த்தூள் இருக்கே, எங்க ஊர்ல எவனுக்கும் இப்படி வராது."

எங்கள் ஊர் என்கிறாரே, வெளியூரிலிருந்தும் வந்திருக்கிறார்கள் என்று அவளுக்கு இன்னும் நெஞ்சு நிறைந்தது. இரண்டாவது மேசையில் ஒருத்தி அவள் கையை விடாமல், "கால் செத்துப்போச்சு. இந்தக் கல்லுத் தெருவுல ரெண்டு மணி நேரம் நடக்க வெச்சுட்டாங்க" என்றாள். மூன்றாவது மேசையில் பச்சை மழைச்சட்டை போட்ட ஒரு அம்மாள் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவர்தான் இந்த விடுதிய ஆரம்பிச்சவரா? கொஞ்சம் கடுகடுன்னு இருக்காரே. தப்பா நினைச்சுக்காதீங்க."

"உங்களுக்கு அவரை எப்பலேர்ந்து பழக்கம்?" என்று கேட்டாள் ரோஸ்விதா.

"யாரை?"

இருவரும் படத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பச்சைச் சட்டை அம்மாள் கறுப்பு நாடாவை இப்போதுதான் விரலால் தொட்டாள்.

"பெர்ன்ட்" என்று மெதுவாகக் கூப்பிட்டாள். "இங்க வா. அந்தச் சீட்டை எடுத்துட்டு வா."

பெர்ன்ட் என்பவர் எழுந்து வந்தார். அவர்கள் கெம்னிட்ஸ் நகரத்து ஓய்வூதியக்காரர்களின் பாட்டுக்குழு. பஸ்ஸில் ஒருநாள் சுற்றுலா. அவர் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலில், 'மூன்று மணி: பழைய விடுதியில் காப்பி, கேக்' என்றிருந்தது. கீழே பெயர், நீல நட்சத்திரம். அந்த விடுதி இரண்டு வீடு தள்ளி. கல்தெருவில் நடந்து களைத்து ஊமையாக வந்து நின்ற முப்பத்திநான்கு கிழங்களை, ஊவே கையைப் பற்றி அனுதாபம் சொல்லி உட்காரவைத்திருக்கிறான். இந்த ஊர்க்காரர்கள் நல்ல மரியாதைக்காரர்கள் என்று அவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

செய்தி மேசை மேசையாகப் போனது. முள்கரண்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஒருத்தர் பாதி கடித்த துண்டைத் திரும்பத் தட்டில் வைக்கப் போய், அதுவும் சரியில்லை என்று கையிலேயே வைத்துக்கொண்டார். பெர்ன்ட்டின் காது பீட்ரூட் போலச் சிவந்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா. இப்பவே எந்திரிக்கிறோம். ஆன செலவை நாங்க..."

நாற்காலிகள் தரையில் உராயும் சத்தம் எழுந்தது. ரோஸ்விதா கூடத்தைப் பார்த்தாள். எட்டு மேசை. எட்டிலும் ஆள். இவர்கள் போய்விட்டால் என்ன மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியும்.

"உட்காருங்க" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. "உட்காருங்க. நாப்பது பேருக்குச் சொல்லியிருக்கு. சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

யாரும் உடனே உட்காரவில்லை. பச்சைச் சட்டை அம்மாள்தான் முதலில் உட்கார்ந்தாள். படத்தை நேராக நிமிர்த்தி வைத்தாள்.

"சரி. அவர் சாப்பாட்டைச் சாப்பிட்டாச்சு. யாருன்னாவது தெரிஞ்சுக்கணும்ல. சொல்லுங்க, என்ன பண்ணிக்கிட்டிருந்தார்?"

ரோஸ்விதா வாயைத் திறந்தாள். ஐம்பது வருட ஞாயிற்றுக்கிழமை போன்தான் நினைவுக்கு வந்தது. அதில் பாதி தட்பவெப்பம். "ஜன்னல் பார்த்தார்" என்றாள்.

"ஜன்னல் பார்த்தாரா? பார்த்து வாட்டினார்" என்றார் லோதர், அதுவரை கதவோரம் நின்றிருந்தவர். "என் கடைக்கு அலுமினியக் கதவு போட்டேங்க. தானாத் திறக்கிற கதவு. ஒரு வாரம் வெளியூர் போயிருந்தார்னு நம்பிப் போட்டேன். திரும்பி வந்தவர் ஒரு வார்த்தை பேசல. தினம் காலையில வந்து கதவு முன்னாடி நிப்பார். அது திறக்கும். உள்ள வரமாட்டார். அது மூடும். மறுபடி திறக்கும். பதினோரு நாள். பன்னெண்டாம் நாள் நானே கழட்டிட்டேன்."

ஒரு மேசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அடங்கவில்லை.

"உனக்குக் கதவு. எனக்கு லிஃப்ட்" என்றாள் மார்லீஸ், காப்பிக் குடுவையோடு குறுக்கே வந்து. "மூணாவது மனுவுக்குப் பதில் என்ன எழுதினார் தெரியுமா? 'இந்தப் படிக்கட்டு முந்நூறு வருஷமா ஆளுங்கள ஏத்தி இறக்குது, அதுக்குக் களைப்பு வந்தா எனக்குத் தெரியப்படுத்தவும்'னு. அலுவலக முத்திரையோட."

இப்போது யாரும் அடக்கவில்லை. அண்ணன் கேலி பேசுவார் என்பதே ரோஸ்விதாவுக்குப் புதிது. அலுவலகத்து ஆள் ஒருவர் இன்னொன்றைச் சொன்னார். அதை மற்றவர் திருத்தினார்.

"ஆமா, சதுக்கத்து மூலையில ஒரு வீடு இருக்கே" என்றாள் பச்சைச் சட்டை அம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு பக்கமாச் சாஞ்சு, குட்டிக் குட்டி ஜன்னலோட. அதைப் பார்க்கத்தான் நாங்க மூணு மணி நேரம் பஸ்ல வந்தோம். அதுவும் அவர் வேலையா?"

"அது எங்க மாமியார் வீடு" என்றாள் மார்லீஸ். "இடிச்சுட்டு மூணு மாடி கட்டறதா இருந்தோம்."

பிறகு அவள் எல்லோர் கோப்பையிலும் காப்பி ஊற்றினாள். பாதி நிறைந்திருந்த கோப்பையிலும் ஊற்றினாள்.

அப்போதுதான் வாசல் கதவு படாரென்று திறந்தது. நீல நட்சத்திரத்தின் முதலாளி ரூடிகர், தலையில் மழைத்துளியோடு நின்றான்.

"என் ஆளுங்க எங்க? அரை மணி நேரமா முப்பத்திநாலு கோப்பைய வெச்சுக்கிட்டு வாசலைப் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"கத்தாதே. துக்க வீடு" என்றாள் மார்லீஸ்.

"துக்க வீட்லயா இப்படிச் சிரிக்கிறாங்க? யார் துக்கம்?"

"எகார்ட்."

ரூடிகர் படத்தைப் பார்த்தான். "இந்த ஆளா?" என்றான். "என் வாசல்ல எரிஞ்ச நீல நட்சத்திர விளக்கை ரெண்டு தடவை இறக்க வெச்ச ஆள். ரெண்டாவது தடவை ஏணியைப் பிடிச்சதே அவர்தான். நான் விழுந்துடுவேனாம்." படத்தை மறுபடி பார்த்தான். "போன பின்னாலயும் என் வியாபாரத்தைக் கெடுக்கிறார் பாரு" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

கோபித்துக்கொண்டு போகிறான் என்று ரோஸ்விதா நினைத்தாள். கால் மணி கழித்து அவன் திரும்பி வந்தபோது, இரண்டு கையிலும் செர்ரிப் பழ கேக் தட்டு இருந்தது. பின்னால் அவன் பெண்டாட்டி, சமையல்காரன், ஆளுக்கொரு தட்டு. மழையில் ஊர்வலமாகப் போகும் கேக்குகளைப் பார்த்த முடி வெட்டும் கடைக்காரி, தலையில் சாயம் பூசியிருந்த வாடிக்கைக்காரியையும் துண்டோடு கூட்டிக்கொண்டு எட்டிப் பார்க்க வந்தாள். எட்டிப் பார்த்தவளிடம் லோதர், "உன் கடைப் பலகை விஷயத்தைச் சொல்லு" என்றார். அவள் சொல்ல ஆரம்பித்தபோது ரொட்டிக்கடைக்காரர் குறுக்கிட்டு, அது அப்படியில்லை என்றார். அவர் எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஊவே தோட்டத்திலிருந்து பெஞ்சுகளைத் தூக்கிவந்து ஏப்ரனால் துடைத்துப் போட்டான். அதுவும் போதவில்லை. ரோஸ்விதா தன் நாற்காலியைச் சாயத்தலைக்காரிக்குக் கொடுத்தாள். சுவரோரம் நின்றாள். அங்கேயும் யாரோ வழி கேட்டார்கள். அப்படியே நகர்ந்து நகர்ந்து வாசல் நடைக்கே வந்துவிட்டாள்.

"நீங்க ஏங்க வெளிய நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்றாள் மார்லீஸ், தட்டுகளை அடுக்கிக்கொண்டு போகிற போக்கில்.

"எங்க உட்கார்றது?"

மார்லீஸ் கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அதானே" என்றாள். அடுக்கிலிருந்து ஒரு தட்டை உருவி, அதில் மிச்சமிருந்த துண்டை வைத்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அது கேக் சுட்ட தட்டின் மூலைத்துண்டு. ஓரம் கொஞ்சம் தீய்ந்திருந்தது. படிக்கட்டில் தொங்கிய ஈரக் கோட்டுகளைத் தோளால் ஒதுக்கிக்கொண்டு, நின்றபடியே ரோஸ்விதா அதைத் தின்றாள். உள்ளே யாரோ, "இதைக் கேளுங்க, இதைக் கேளுங்க" என்று ஆரம்பித்தார்கள். அவள் மெல்வதை நிறுத்தி, காதைக் கொடுத்தாள்.