கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவர்

கோழிக்குஞ்சு பொரிக்கும் கூடத்தில் முப்பத்தாறு வருஷம் நின்றவருக்குச் சூட்டுக்காரர் என்றே பேர் நிலைத்துவிட்டது. அவருக்குத் தெரிந்த வேதம் ஒன்றுதான். குஞ்சு வெளிவருமுன் கடைசி மூன்று நாள், முட்டைகளைச் சூட்டில் வைத்திருக்கும் பெட்டியின் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் ஈரம் ஓடிவிடும். உள்சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிக் கொன்றுவிடும். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

கடவுளையும் அவர் அப்படித்தான் வைத்திருந்தார். உலகத்தை மூடி, சூட்டைத் திருகி வைத்துவிட்டு, வெளியே நின்று பார்க்கிற ஆள். கை வைக்க மாட்டார். வைத்தால் கெட்டுவிடும். ஆகவே கும்பிட்டுக் கேட்பதெல்லாம் வெட்டிவேலை.

இப்போது மகளுக்கு ஏழாம் மாதமே பிள்ளை பிறந்து, அதுவும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. மூச்சு விட அடிக்கடி மறந்தது. மறக்கும்போதெல்லாம் பக்கத்துக் கருவி கத்தியது.

இருமலுக்காக ஆஸ்பத்திரி அறை வாசலிலேயே நிறுத்தப்பட்ட மச்சினன் அங்கிருந்தே தேற்றினான். "கடவுள் வெளியில இல்ல அத்தான். தண்ணியில உப்பு மாதிரி எல்லாத்துலயும் கலந்து இருக்காரு."

"அப்புறம் ஏன்டா அது கத்துது? உப்பு கொறஞ்சு போச்சா?"

நர்ஸம்மா வந்தாள். "ஐயா, கையக் கழுவிட்டுச் சட்டையக் கழட்டுங்க. கொழந்தைய உங்க நெஞ்சுல போடணும். அம்மாவுக்குக் காய்ச்சல், அப்பா கப்பல்ல. நீங்கதான் இருக்கீங்க."

அவள் பெட்டியின் கதவில் கை வைத்ததும் அவர் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"தொறக்காதம்மா! செத்துப் போயிடும்."

"யாரு சொன்னது?"

"முப்பத்தாறு வருஷம் சொல்லுது."

"அது முட்டைங்க ஐயா. முட்டைக்கு ஓடு இருக்கு. இதுக்கு யாரு இருக்கா?"

அவர் கை தானாக விலகியது. போய்க் கையைக் கழுவிச் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

நரைத்த நெஞ்சின் மேல் அவள் பிள்ளையைக் குப்புறக் கிடத்திப் போர்த்தினாள். ஒரு தட்டு முட்டைகூட இதைவிடக் கனம். அசைந்தால் உடைந்துவிடுமோ என்று கிழவர் கல்லாய்ச் சமைந்தார். கருவி கத்தியது.

நர்ஸம்மா பிள்ளையின் பாதத்தைச் சுண்டிவிட்டாள். "ஐயா, மொதல்ல நீங்க மூச்சு விடுங்க! உங்க நெஞ்சு ஏறி எறங்கினாத்தான் அதுக்கு ஞாபகம் வரும்."

அப்போதுதான், தாமும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரிந்தது. மெல்ல விட்டார். இழுத்தார். பிள்ளையும் ஒரு இழுப்பு இழுத்தது. இவர் விட, அதுவும் விட்டது.

ஒரு மணி நேரம் கருவி வாயைத் திறக்கவில்லை. யார் நெஞ்சு என்று பிள்ளைக்குத் தெரியாது. தான் கிடக்கிற தரையே ஏறி இறங்குகிறது என்று நினைத்ததோ என்னவோ, நிம்மதியாகத் தூங்கியது.

வாசலிலிருந்து மச்சினன் கிசுகிசுத்தான். "என்ன அத்தான், உங்காளு இன்னும் வெளியிலதான் நிக்கிறாரா?"

சூட்டுக்காரர் ஒரு மூச்சை முழுதாக இழுத்து விட்ட பிறகே பேசினார். மூச்சு கெட்டுவிடக் கூடாதே.

"யாருக்குடா தெரியும்? சட்டையக் கழட்டிட்டாரோ என்னமோ. நீ இருமாத, தள்ளி நில்லு."