நடுத் திருப்பம்

வலது தோளில் காவடித் தண்டு அழுத்திய இடம் காய்த்துக் கல்லாகிப் போயிருந்தது. வலி அதற்கும் கீழே, கழுத்தெலும்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. எரிமலை வாய்க்குள்ளிருந்து இரண்டு கூடைக் கந்தகத்தோடு ஏறிக்கொண்டிருந்தான் சங்கு.

சங்கு என்பது பட்டப்பெயர். சூட்டியவர் அவன் சகலை, பெண்டாட்டியின் அக்காள் புருஷன். முந்தின வாரம் ஏறும் பாதையின் நடுத் திருப்பத்தில் நின்று இவன் "புகை! புகை!" என்று கத்த, கீழே இருந்த பதினோரு பேரும் கூடைகளைப் போட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடி வந்தார்கள். பார்த்தால் வெறும் நீராவி.

"மில்லு சங்கு தோத்துச்சு போ! அடுப்புல வெந்நி கொதிச்சாலும் ஊதிருவான்யா என் சகலை."

அந்த வேலையில் ஒரு முறை உண்டு. எரிமலைப் புகையைப் பிடிக்கப் பள்ளத்தில் பதித்த குழாயின் வாயில் சிவப்பாக ஒழுகி மஞ்சளாக உறையும் கந்தகத்தைக் கடப்பாரையால் பெயர்க்கிறவனுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. ஏறுகிறவன்தான் நடுத் திருப்பத்தில் நின்று பள்ளத்தைப் பார்த்து, புகை மாறினால் குரல் கொடுக்க வேண்டும்.

மலையை அளக்கக் கருவியோடு வரும் அம்மாள் ஒருமுறை சொன்னாள்: "பக்கத்து மலை வழியுற ரகம். கல்லு உருகிக் கூழாட்டம் மெதுவா வரும், சட்டிபானையைத் தூக்கிட்டு முன்னாலேயே நடந்திரலாம். இது அடக்கி வச்சிருக்கிற ரகம். திடீர்னு விஷக்காத்தை விடும். அது மேல போகாது, பள்ளத்துலயே படுத்துக்கும்."

"எங்க வீட்டம்மா ரகம்னு சொல்லுங்க" என்றார் சகலை.

அன்று நடுத் திருப்பத்தில் சங்கு திரும்பிப் பார்த்தான். பள்ளத்தில் சகலை மட்டும் குனிந்து நின்றார். வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்த புகை பழுப்பேறி, எழும்பாமல் தரையோடு தவழ்ந்தது. சங்கு வாயைத் திறந்தான்.

மேலிருந்து வெறுங்கூடையோடு இறங்கி வந்த இரண்டு பேர் பக்கத்தில் நின்றார்கள். "என்ன சங்கு, ஊதப்போறியா? காதைப் பொத்திக்கவா?"

வாயை மூடிக்கொண்டான். தண்டைத் தோள் மாற்றி ஆறு படி ஏறினான். ஏழாவது படியில் கடப்பாரைச் சத்தம் நின்றது.

கூடைகளைக் கடாசிவிட்டு, ஈரத்துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடினான். குப்புறக் கிடந்தவரை அதே காய்த்த தோளில் போட்டு மேலே கொண்டுவந்தான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சகலைக்குக் கண் தெளிந்தது, குரல் திரும்பவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. இனி இவ்வளவுதான் வரும் என்றார் டாக்டர்.

"தம்பி, நீ இல்லேன்னா எங்க கதி என்ன?" என்று அவன் கையைப் பிடித்து அழுதாள் சகலையின் மனைவி.

சகலை காற்றாகப் பேசினார். "இனிமே எவனாவது உன்னைச் சங்குன்னு சொல்லட்டும், பல்லைத் தட்டிர்றேன். நீ கத்தியிருப்பே. கடப்பாரை சத்தத்துல எனக்குத்தான் கேக்கல."

"தண்ணி குடிங்க சகலை" என்றான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நடையிலும் நடுத் திருப்பத்தில் நின்று குரல் கொடுக்கிறான், வெறும் நீராவிக்கும்கூட. யாரும் சிரிப்பதில்லை. கிண்டல் செய்த இரண்டு பேரும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. சகலைக்கு அவன் சொல்லவேண்டியது ஒரே ஒரு வார்த்தை: நான் கத்தவில்லை. அது இன்னும் பாக்கி.