மோடம் பேசிய சாயங்காலம்

கதவை அக்கா தோளால்தான் தள்ளினாள். ஒரு கையில் அப்பாவின் ஃபிளாஸ்க்கும் போர்வையும் திணித்த பை, இன்னொரு கையில் அவருடைய செருப்பு. உடலைக் காலையில் வந்து வாங்கிக்கொள்ளலாம், சாமான்களை இப்போதே எடுத்துப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. லேப்டாப் வெளிச்சம் முகத்தில் அடிக்க உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, மோடம் பேசிடுச்சு. உள்ள இருக்கிற அதே மோடம், லினக்ஸ்லயே. டிரைவர் ஒரு வெர்ஷன், கெர்னல் ஒரு வெர்ஷன். அதான் இத்தனை நாள் முரண்டு பிடிச்சிருக்கு. இங்க வந்து பாரேன்."

சுவரிலிருந்து டெலிபோன் வயர் நேராக லேப்டாப்புக்குள் போயிருந்தது. டெலிபோனைக் கழற்றி அலமாரி மேல் வைத்திருந்தான். அவளுக்கு விளங்கிவிட்டது. மத்தியானம் நர்ஸ் கூப்பிட்டபோது ரிசீவரில் மணி அடிப்பதாகவே கேட்டது, யாரும் எடுக்கவில்லை. அப்புறம் எப்போது கூப்பிட்டாலும் எங்கேஜ்டு. வீடு அடுத்த தெருதான். ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கலாம், ஆனால் அப்பா அவள் கையை விட்டால்தானே.

டெலிபோன் லைன் வழியாக இன்டர்நெட்டைக் கொண்டுவருகிற அந்த மோடத்தின் கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். பாதி வேலையைத் தான் பார்த்துவிட்டு மீதியை விண்டோஸ் தலையில் கட்டுகிற ரகம் அது. இவனோ விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் போட்ட மகராசன். வெளியில் மாட்டுகிற மோடம் ஒன்றை வாங்கினால் அன்றைக்கே முடிந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னார், அக்காவும் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். உள்ளே இருப்பதை ஓடவைக்க முடியாவிட்டால் அப்புறம் லினக்ஸ் எதற்கு என்று நின்றான். "கல்லு உடைக்கிறவன்கூட சாயங்காலம் ஒரு குவியலக் காட்டுவான்டா" என்றார் அப்பா. அதோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. அவர் ஆஸ்பத்திரியில் விழுந்த பிறகும் தம்பி வந்து கால்மாட்டில் நிற்பான், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவான். இன்று காலையும் அப்படித்தான் போனான். "ஏதாச்சும்னா போன் பண்ணு, உடனே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு.

மத்தியானத்திலிருந்து அப்பா ஒன்றைத்தான் கேட்டார். "அவன் வரானா?"

"கிளம்பிட்டான்பா" என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள். கடைசியில் தலையைக் கதவுப் பக்கம் திருப்பிவைக்கச் சொன்னார். திருப்பிவைத்தாள். அப்படியேதான் போனார்.

அதை இவன் முகத்தில் வீசவேண்டும் என்றே தெருவெல்லாம் நடந்துவந்தாள். உன்னைத்தான் கேட்டார், கதவையே பார்த்துக்கொண்டு செத்தார். வாக்கியம் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது.

"எத்தனை தடவை கூப்பிட்டோம் தெரியுமா?"

"கூப்டீங்களா?" திரும்பினான். பார்வை செருப்பில் விழுந்தது.

"அப்பா போயிட்டாரு."

எழுந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினான். திரையில் ஏதோ ஓடி நின்றது.

"கொஞ்ச நேரம்னு நெனச்சுத்தான்கா போனக் கழட்டினேன். லைன் கிடைச்சதும் அப்படியே..."

"அப்படியே உக்காந்துட்டே."

"திட்டிடுக்கா."

"எதுக்கு? திட்டினா உனக்குச் சௌகரியமா இருக்கும்."

அவன் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனை அவள் மனதார வெறுத்தாள். சின்ன வயதில் இடுப்பில் தூக்கிச் சுமந்தவன்தான். இப்போது அதுவும் ஒரு எரிச்சலாகவே இருந்தது.

"கடைசில அப்பா என்னைக் கேட்டாராக்கா?"

சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள். பசித்தவன் முகம். சொன்னால் அழுவான், உடைந்துபோவான். ஆனால் அதற்கப்புறம் ஆயுசு முழுக்க, அப்பா என்னைத்தான் கேட்டார் என்று வைத்துக்கொள்வான். இத்தனை நாள் பக்கத்திலேயே கிடந்த அவளுக்கு அப்படி வைத்துக்கொள்ள ஒன்றும் கிடையாது.

"இல்ல" என்றாள். "யாரையும் கேக்கல."

அவன் தலையாட்டினான். திரும்பத் திரும்ப ஆட்டினான். பிறகு அலமாரி மேலிருந்து டெலிபோனை இறக்கி, சுவரில் சொருகி, காதில் வைத்துப் பார்த்துவிட்டு முதலில் சித்தப்பாவைக் கூப்பிட்டான்.

"அப்பா தவறிட்டாரு சித்தப்பா... சாயங்காலந்தான். இல்ல, நான் இல்ல, அக்காதான் கூட இருந்தா. அமைதியாத்தான் போனாராம். யாரையும் கேக்கலயாம்."

அடுத்து மாமாவிடம் சொன்னான். "என்னைக்கூடக் கேக்கலயாம் மாமா." அதற்குள் குரல் கொஞ்சம் பழகிவிட்டது.

அக்கா பையைக் கீழே வைக்காமலே நின்றுகொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பொய் இன்னும் இரண்டே பேரிடம்தான் போயிருக்கிறது.

அவன் ரிசீவரைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்தான்.

"அத்தை நம்பர் என்னக்கா?"

சொன்னாள்.