கோடு தெரியாத ஒட்டு

செவ்வாய்க்கிழமை முதல் ருக்குமணி, வேலுச்சாமி செய்த சாப்பாட்டு மேசையோடு ஒட்டியிருந்தாள். வலது உள்ளங்கை மட்டும்தான். ஊரில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் புருஷன் சென்னியப்பனும் தச்சர்தான். வியாழக்கிழமை அவளைப் பிரித்துக் கூட்டிவரக் கிளம்பினார். தெரு நேற்றைவிடப் பதினொரு வீடு நீண்டிருந்தது. நடந்தார்.

வேலுச்சாமியின் பட்டறையில் ஒரு பீரோவோடு தபால்காரர் ஒட்டியிருந்தார். அது வேறொருவருடைய ஆர்டர். ருக்குமணி இடது கையால் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா? காப்பி குடிச்சீங்களா?"

சென்னியப்பன் நேராக மேசையிடம் போனார். பிரிப்பதற்கு முன் என்ன பசை என்று தெரிய வேண்டும். வெள்ளைப் பசை தண்ணீரில் ஊறினால் இளகும். ஈரத்துணி போட்டார். அவள் கை சுத்தமானது. மாட்டுத்தோலில் காய்ச்சும் வச்சிரம் ஆவியில் இளகும். ஆவி காட்டினார். அவளுடைய ஜலதோஷம் போனது. எப்பாக்சி என்றால் இடுக்கில் தடித்த கோடாகத் தெரியும். குனிந்து பார்த்தார். கோடே இல்லை.

இருபது வருஷத்தில் அவர் போட்ட ஒரு ஒட்டிலும் கோடு தெரியாமல் இருந்ததில்லை. நகத்தால் இடுக்கைச் சுரண்டிப் பார்த்தார்.

"என்ன பசைடா இது?"

"நீங்க வாங்கற அதே வெள்ளைப் பசைதானுங்ணா. தண்ணி உள்ளே போக இடம் வேணுமில்லீங்களா?" என்றான் வேலுச்சாமி.

"இறுக்கிப் பிடிக்கக் கிளாம்ப் போட்டியா?"

"இல்லீங்ணா. அண்ணி அசையலை. ஒரு நாள் முழுக்க."

அதுதான் விஷயம். பசை பாதிதான். இறுகும்வரை அழுத்தம் குறையக்கூடாது, அசையக்கூடாது. சென்னியப்பன் ருக்குமணி பக்கம் திரும்பினார்.

"எங்கூட ஒரு சினிமா முழுசா உட்கார்ந்திருக்கியா நீ?"

"எங்க உட்கார விட்டீங்க? அதைப் புடி, இதைப் புடின்னுதானே. அங்க நான் கிளாம்பு. இங்க பலகை."

"வீட்டுக்கு வரமாட்டியா?"

"மேசையை வாங்கிக்குங்க. வர்றேன்."

அவன் செய்த மேசையை வீட்டில் வைப்பதா? சென்னியப்பன் இரண்டு உள்ளங்கையிலும் பசையை மெல்லிசாகத் தடவினார். அவள் கைக்குப் பக்கத்தில் அழுத்தி வைத்தார். வேலுச்சாமி மரியாதையாக ஃபேனை நிறுத்தினான்.

"அசையாதீங்க," என்றாள் ருக்குமணி.

இரண்டு நிமிஷத்தில் அவருக்கு மூக்கு அரித்தது. அவளுக்கு அவரைக்காய் வேலை இருந்தது. வேலுச்சாமி எழுந்து வந்து சொறிந்துவிட்டான்.

கேட்காமலே, சரியான இடத்தில்.