விரல் பிரியும் இடம்

சூரிய கிரகணம் பிடிப்பதற்கு முன்பே மாமியார் முத்துமாரியம்மாள் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, கத்தி, கத்தரிக்கோல், அரிவாள்மனை எல்லாவற்றையும் கூடையில் அள்ளிக்கொண்டாள்.

"விடுற வரைக்கும் வெளிய வராதத்தா. ஒங்கம்மா வெட்டுன வெட்டே போதும்."

கதவு சாத்திக்கொண்டது. ஏழு மாத வயிற்றோடு இலக்கியா கட்டிலில் உட்கார்ந்தாள். அவளுக்கு இடது கையின் நடுவிரலும் மோதிர விரலும் பிறவியிலேயே ஒட்டியவை. அவளைச் சுமந்தபோது அம்மா கிரகணத்தில் கத்தரிக்காய் நறுக்கியதால் வந்த வினை என்ற பேச்சு, அவளுக்கு முன்பே பொன்னமராவதியிலிருந்து இந்த வீட்டுக்கு வாழ வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் 'வாத்து' என்றார்கள், ஒன்பதாவதோடு நின்றுவிட்டாள். நிச்சயத்தன்று மோதிரத்துக்கு வேறு விரல் தேடினார்கள். போன வாரம் ஸ்கேனில் பிள்ளை கையை மூடியே வைத்திருந்தது. சிங்கப்பூரிலிருந்து கணவன், "அம்மா சொல்றபடி இரு" என்றதோடு சரி.

கூடப் படித்த ஹரிணி பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாள். நேற்று அவளிடம் மட்டும் பயத்தைச் சொல்லியிருந்தாள். காலையில் ஒரு படமும் குரல்பதிவும் வந்திருந்தன. இலக்கியா சத்தத்தைக் குறைத்துக் காதோடு வைத்துக்கொண்டாள்.

"இது எலியோட கருடி. மொதல்ல கை துடுப்பு மாதிரிதான் இருக்கும். விரலுக்கு நடுவுல நீலமா தெரியுதுல்ல, புரோட்டீன வெட்டுற என்சைம் அங்கதான் வேலை செய்யுது. அது வெட்டுனாத்தான் விரல் பிரியும். நமக்கும் அப்படித்தான். ஒனக்கு அந்த எடத்துல பிரியாமப் போச்சு, அவ்வளவுதான். ஒம்பிள்ளைக்கு எப்படின்னு என்னால சொல்ல முடியல. ஆனா கத்தரிக்காய்க்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல."

அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, நீ வெட்டுனதால இல்லையாம்மா."



"நான் அன்னைக்கு எதையுமே வெட்டலடி."

"அப்பறம் ஏன் சொன்ன?"

"என்ன செஞ்ச, என்ன செஞ்சன்னு தெனமும் கேட்டாக. கத்தரிக்கான்னு சொன்னேன். கேக்குறத விட்டுட்டாக."

போனை வைத்தபோது அறை இன்னும் இருண்டிருந்தது. கூரைத் தகரத்தின் ஆணி ஓட்டை வழியாக வெளிச்சம் தரையில் விழுந்தது. வழக்கமான வட்டமில்லை, நடுவே கறுத்து, ஓரம் மட்டும் எரியும் வளையம். உள்ளே பிள்ளை புரண்டது. இலக்கியா இடது கையை நீட்டினாள். ஒட்டிய இரண்டு விரல்களின் மேலும் சேர்ந்தாற்போல் அந்த வளையம் வந்து உட்கார்ந்தது. அசையாமல் வைத்திருந்தாள்.